உஸ்மான் என்னும் ஒரு பெயர்



ரமளானின் முதல் பத்து கழிந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பேச்சு தானாக எழும்: "உஸ்மான் ரோட்டுக்கு எப்போது போவது?" பெருநாள் துணியா, மகளின் திருமண நகையா, புதுவீட்டுக்குப் பாத்திரமா, எதுவாயினும் தியாகராய நகர் உஸ்மான் சாலைதான் என்பது சென்னைக் குடும்பங்களுக்கு மட்டுமன்றி, மாம்பலம் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வெளியூர்க் குடும்பங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. கைநிறையப் பைகளுடன் திரும்பும் நாம், அந்த உஸ்மான் யார் என்று கேட்டதுண்டா? மூன்றாம் கலீஃபாவின் திருப்பெயர் என்று எண்ணுவோர் சிலர். ஹைதராபாத் நிஜாமின் பெயர் என்று சொல்வோரும் உளர். இரண்டும் சரியன்று. ஆயினும் அவ்விருவரையும் இச்சாலைக்குரிய மூன்றாமவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், மார்க்கம், கணக்குப் பாடம், நகர அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே பெயரில் வந்து கூடக் காண்கிறோம். இம்மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் சாலைக்குரியவர். சர் முஹம்மது உஸ்மான் 1884 இல் பிறந்தவர். சென்னையில் ஹகீம்கள் மரபில் வந்த குடும்பத்தினர். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். சென்னை மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராகவும் பின்னர் தலைவராகவும் பணியாற்றினார். 1934 இல் மூன்று மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக வீற்றிருந்தார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1921 இல் மாகாண அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1923 இல் அறிக்கை தந்தார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் அரசே கற்பிக்கும் பள்ளி சென்னையில் தோன்றியது அதன் பயனாகும். ஹகீம் வீட்டுப் பிள்ளைக்கு இது சொந்த வீட்டுக் கடமையாகவும் இருந்திருக்கும். அன்னார் 1960 இல் காலமானார். அவர் பெயர்ச் சாலைக்கு அருகிலேயே ஹபீபுல்லா சாலையும் உண்டு. சர்வதேச சங்கத்துக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவுக்கு 1929 இல் தலைமை தாங்கிய சர் முஹம்மது ஹபீபுல்லா அவர். அவர் கதையை வேறொரு மாதம் பார்ப்போம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். அரபியில் இப்பெயரின் நடுவெழுத்து ‘ஸா’. நாவின் நுனி மேற்பற்களின் விளிம்பைத் தொட ஒலிக்க வேண்டியது. பாரசீகரும் உருது பேசுவோரும் அதை வெறும் ஸகரமாக்கி உஸ்மான் என்றனர். துருக்கியர் ஒஸ்மான் என்றனர். ஐரோப்பியர் அதையே ஒட்டமன் ஆக்கினர். காயலிலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் ‘உதுமான்’ என்று எழுதியதை இன்றைய இளைஞர் சிலர் நாட்டுப்புற வழக்கென்று நகைக்கின்றனர். மூல ஒலிக்கு நெருங்கி நிற்பது அந்த உதுமானே. பாட்டனார் பெயரைத் திருத்தி எழுதுமுன் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பெயருக்கெல்லாம் மூலமான ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்களிடம் வருவோம். கி.பி. 644 முதல் 656 வரை கிலாஃபத் பொறுப்பேற்றவர்கள். திருக்குர்ஆனை ஒரே எழுத்து வடிவில் பிரதிகள் எடுத்துப் பெருநகரங்களுக்கு அனுப்பிய அருஞ்செயலை நம் பிள்ளைகளும் அறிவர். நகரத்துக்கு அவர்கள் செய்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த முஸ்லிம்களுக்கு நல்ல குடிநீர் கிடைப்பது அரிதாயிருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் இனியது. அதன் உரிமையாளரோ நீரை விலைக்கு விற்றுவந்தார். அதை வாங்கி மக்களுக்கு அளிப்பவருக்குச் சுவனம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறினார்கள். உதுமான் (ரலி) முன்வந்தார்கள். உரிமையாளர் முழுவதையும் விற்க இசையவில்லை. வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் பர் தரும் அறிவிப்பின்படி, 12,000 திர்ஹம் கொடுத்துப் பாதி உரிமையை மட்டும் வாங்கினார்கள். ஒரு நாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு என்பது ஏற்பாடு. தம் முறை நாளில் எவரும் விலையின்றி இறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். மக்கள் என்ன செய்தனர்? அன்றே இரண்டு நாளுக்கான நீரை நிரப்பிக்கொண்டனர். மறுநாள் கிணற்றடிக்கு வருவார் இல்லை. பாதிக் கிணறு வைத்திருந்தும் வருவாய் இல்லாமற்போன உரிமையாளர், மீதிப் பாதியை 8,000 திர்ஹமுக்குக் கொடுத்துவிட்டார். முதற்பாதிக்கு 12,000, பிற்பாதிக்கு 8,000! ஒரே கிணற்றின் இரு சமபாதிகளுக்கு விலை ஏன் வேறுபட்டது என்று வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல கணக்கு அது.

கிலாஃபத் காலத்தில் மக்கள்தொகை பெருகிற்று. மஸ்ஜிதுன் நபவியை ஹிஜ்ரி 29 இல் விரிவாக்கிச் செதுக்கிய கல்லாலும் சுண்ணத்தாலும் சுவரெழுப்பித் தேக்கு மரத்தால் கூரை வேய்ந்தார்கள். நம் ஊர்களில் வெள்ளிக்கிழமை பகல் முதலில் கேட்கும் பாங்கு அவர்கள் ஏற்பாடே. அதற்குமுன் இமாம் மிம்பரில் அமரும்போது சொல்லப்படும் பாங்கு மட்டுமே இருந்தது. நகரம் விரிந்து, கடைவீதியில் இருப்போருக்கு அது போதாதென்று கண்டபோது, ஸவ்ரா என்ற சந்தைப் பகுதியில் முன்கூட்டியே ஒரு பாங்கு சொல்லச் செய்தார்கள். மக்காவின் துறைமுகத்தை ஷுஅய்பாவிலிருந்து ஜித்தாவுக்கு மாற்றியதும் அவர்கள் காலத்தில்தான்.

எல்லாம் இணக்கமாகவே நடந்துவிடவில்லை. மக்காவில் ஹரம் ஷரீஃபை விரிக்கச் சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கியபோது, சிலர் விற்க மறுத்தனர். அவ்வீடுகள் இடிக்கப்பட்டு, விலை பைத்துல்மாலில் வைக்கப்பட்டது என்றும், உரத்துக் குரல் எழுப்பியோர் சிறை வைக்கப்பட்டனர் என்றும் இமாம் தபரீ பதிவு செய்துள்ளார். பொதுத்தேவைக்கு நிலம் எடுப்பதில் அன்றும் மனக்கசப்பு இருந்தது. இறுதியில், ஹிஜ்ரி 35 இல் கலகக்காரர்கள் அவர்கள் இல்லத்தை முற்றுகையிட்டு நீரையும் தடுத்தபோது, மேலிருந்து எட்டிப் பார்த்து அவர்கள் நினைவூட்டியவற்றுள் ஒன்று ரூமாக் கிணறு. தாம் வாங்கி ஊருக்குக் கொடுத்த கிணற்றின் நீர் தமக்கே மறுக்கப்பட்டது.

கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். திருக்குர்ஆன் பிரதிகளை எடுக்க அமைத்த குழுவுக்கு உதுமான் (ரலி) தலைவராக்கியது ஜைது பின் தாபித் (ரலி) அவர்களை. ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கணக்கில் தோழர்களிடையே தலைசிறந்தவர் என்று போற்றப்பெற்றவரும் அவர்களே. எழுத்தைக் காக்கும் பொறுப்பும் பங்கைப் பிரிக்கும் நுட்பமும் ஒருவரிடமே இருந்தன.

மதரஸாவில் ஃபராயிள் பாடம் தொடங்கும்போது நான் காண்பதுண்டு: பள்ளிக்கூடத்தில் பின்னம் என்றாலே முகம் வாடும் மாணவன், இங்கே பங்கு பிரிக்கத் துள்ளிக்கொண்டு முன்வருவான். கணவர் இறந்தார், மனைவி, ஒரு மகன், ஒரு மகள், சொத்து 24 இலட்சம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 இலட்சம். மீதி 21 இலட்சத்தில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. 14 இலட்சமும் 7 இலட்சமும். சொத்து 24 ஆக இல்லாமல் வேறு எண்ணாக இருந்தாலும் முதலில் 24 பங்காகப் பிரித்துக்கொள் என்றால், பொது மடங்கு என்பது அவனுக்கு விளங்கிவிடும். எட்டில் ஒன்றை அரபியில் ‘துமுன்’ என்போம். அதற்கு ‘அரைக்கால்’ என்ற அழகிய தமிழ்ச்சொல் நம் பாட்டிமார் நாவில் புழங்கியது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று கீழ்வாய் இலக்கம் மனப்பாடமாயிருந்த தலைமுறை அது. அச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தபின் துமுனும் எளிதாகிறது, எட்டின் கீழ் ஒன்றும் எளிதாகிறது.

இயற்கணிதத்துக்கு ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரைத் தந்த அல்குவாரிஸ்மீயின் நூலிலும் பெரும்பகுதி வாரிசுக் கணக்கே. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் எழுதப்பட்ட அந்நூலின் முன்னுரையில், வாரிசுப் பங்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு இக்கலை உதவும் என்கிறார் ஆசிரியர். பங்கு பிரிக்கும் கணக்கும் கால்வாய் வெட்டும் கணக்கும் அவருக்கு ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

இதே எண்ணத்தை நினைவூட்டும் பெயர்தான் ஹைதராபாதின் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். 1911 இல் பட்டத்துக்கு வந்தார். அவர் ஆணையால் எழுந்து 1919 இல் வகுப்புகளைத் தொடங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில், கணிதம் உட்பட எல்லாப் பாடங்களும் உருதுவில் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடம் மட்டுமே. இந்திய மொழியொன்றைப் பயிற்றுமொழியாகக் கொண்டு எழுந்த முதற்பெரும் முயற்சி அதுவே. பாடநூல்களுக்காக முன்கூட்டியே மொழிபெயர்ப்பகம் ஒன்று நிறுவப்பட்டு, மௌலவி அப்துல் ஹக் அதற்குப் பொறுப்பேற்றார். நுண்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும் கலைச்சொல் காண அறிஞர்கள் கூடி வாதிட்டனர். அங்கே உருதுவில் கணிதம் கற்ற ரஜியுத்தீன் சித்திகி, கேம்பிரிட்ஜ் சென்று, பின் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஹைசன்பர்க் என்னும் பெருமேதையிடம் ஆய்வுப்பட்டம் பெற்றுத் திரும்பி, அதே உஸ்மானியாவில் கணிதப் பேராசிரியரானார். தாய்மொழியில் கணக்குப் படித்தால் வெளியுலகில் கால் ஊன்ற முடியாதென்பாருக்கு இவர் ஒருவரே போதிய விடை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நிஜாம் ஆட்சிப்பகுதியில் பெரும்பான்மையோரின் தாய்மொழி தெலுங்கு; மராத்தியும் கன்னடமும் பேசுவோரும் ஏராளம். அவர்கள் பிள்ளைகளுக்கு உருதுவும் ஆங்கிலத்தைப்போல் அயல்மொழியே. நல்ல கொள்கை, பாதிப் பேருக்குக்கூட எட்டவில்லை. 1948 இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்ததை அடுத்து உருதுப் பயிற்றுமொழி கைவிடப்பட்டது. நம் தமிழகத்தில் உஸ்மானியாவுக்கு முன்னரே, 1916 இல், சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியற் சொற்கள் காண ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அவர்களிடம் கஜானா இல்லை, நிஜாமிடம் இருந்தது. அதுவே வேறுபாடு.

அதே உஸ்மான் அலி கான் பெயரில் ஓர் ஏரி உண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஹைதராபாதைச் சூறையாடியது. பல்லாயிரம் உயிர்கள் மாய்ந்தன. அடுத்த ஆண்டு வரவழைக்கப்பட்ட பொறியாளர் விசுவேசுவரய்யா, நகருக்கு மேலே ஆற்றையும் அதன் கிளையையும் தடுத்து இரு நீர்த்தேக்கங்கள் கட்டச் சொன்னார். வெள்ளமும் தணியும், குடிநீரும் கிட்டும் என்பது அவர் கணக்கு. 1912 இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெருக்கடியான குடியிருப்புகள் சீராக்கப்பட்டன, சாலைகள் அகன்றன. 1920 இல் முதல் நீர்த்தேக்கம் நிறைவுற்று உஸ்மான் சாகர் எனப் பெயர்பெற்றது. இரண்டாவது ஹிமாயத் சாகர், 1927 இல். அவற்றின் நீர்வரத்துப் பகுதியில் பெருங்கட்டடங்களைத் தடுத்து 1996 இல் ஓர் அரசாணை பிறந்தது; 2022 இல் அதைத் தளர்த்தி மற்றோர் ஆணை வந்தது. ஏரியைக் கட்டுவதைவிடக் காப்பது கடினம் போலும்.

இப்போது நம் உஸ்மான் சாலைக்குத் திரும்புங்கள். அங்கே ஏரி ஏதேனும் கண்டீர்களா? காண முடியாது, ஏனெனில் அந்த ஏரியின் மேல்தான் நாம் நடக்கிறோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, மயிலாப்பூர் ஏரி என்றும் நெடுங்குளம் என்றும் வழங்கிய பெருநீர்ப்பரப்பு ஒன்று மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே கிடந்தது. முதல் உலகப்போருக்குப்பின் சென்னையில் வீட்டுப் பஞ்சம். 1920 இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் அவ்வேரியை வடித்து, மனைகளாகப் பிரித்து, நடுவே பனகல் பூங்கா வைத்து, அதிலிருந்து சாலைகள் கதிர்போல் பிரிய ஒரு புதுநகர் கட்டினர். 1925 இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கு. உடனுழைத்தோர் பெயர்கள் தெருக்களுக்கு. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற தெரு இன்றும் உண்டு.

அன்றைய பெருமக்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வீடில்லாதோர்க்கு மனை வேண்டியிருந்தது. அகன்ற சாலையும் மரநிழலும் பூங்காவும் கொண்ட ஒழுங்கான நகரையே அவர்கள் அமைத்தனர். ஆயினும் ஹைதராபாதில் ஓர் உஸ்மான் பெயரில் ஏரி எழுந்த சில ஆண்டுகளிலேயே, சென்னையில் இன்னோர் உஸ்மான் பெயர்ச் சாலைக்கு இடம் தர ஓர் ஏரி மறைந்தது என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை. தண்ணீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. ஏரியின் எச்சம்போல் தி. நகர் வழியாக அடையாற்றுக்கு ஓடும் மாம்பலம் கால்வாய், 2021 நவம்பர் மழையில் அடைபட்டு, தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. கடைகளின் கீழ்த்தளங்களில் இருந்த சரக்கு பாழானது. முதியோரும் குழந்தைகளும் மாடியில் முடங்கினர். அதற்கு ஈராண்டு முன், 2019 கோடையில், இதே நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. இரண்டும் ஒரே ஊரின் கதை.

இங்கேதான் கணக்குப் பாடத்துக்கு வேலை இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,300 லிட்டர் நீர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இரண்டரை லாரி. ஒரு சதுர கிலோமீட்டர் நகர்ப்பரப்பில் அதே மழை 10 கோடி லிட்டர். மண் தரையானால் ஒரு பகுதி உள்ளே இறங்கும். சிமெண்டுத் தரையானால் அத்தனையும் தெருவுக்கு வரும். வாசலுக்கு முன் ஒரு சாண் மண்ணையும் விட்டுவைக்காமல் கல் பதிக்கும் வழக்கம் நம் வீடுகளில் பெருகிவருகிறது. அந்தக் கல்லின் கணக்கு அண்டைவீட்டாரின் கூடத்தில் தெரியும்.

2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது. குழி தூர்ந்து கிடக்கிறது. பள்ளிவாசல்களைச் சொல்கிறேன், பிறரைச் சொல்வானேன்? ஒளூவுக்கு நீர் இறைத்து இறைத்து ஆழ்குழாய்க் கிணறு உவர்த்துப்போன மஹல்லாக்கள் சென்னையில் உண்டு. அவற்றின் மாடியில் விழும் மழை நேரே சாக்கடைக்குப் போகிறது.

ஆகவே இம்மாதம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்குச் சென்று, முத்தவல்லியின் அனுமதியுடன் மாடியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு மாடியானால் ஆண்டுக்கு 3 இலட்சத்து 12 ஆயிரம் லிட்டர் வரும். அடுத்து, குழாயடியில் ஒரு வாளியை வைத்து, ஒருவர் ஒளூச் செய்ய எத்தனை லிட்டர் செலவாகிறது என்று அளவுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். இரு கைகளும் சேர்த்து ஏந்தும் அளவு அது, ஒரு லிட்டர்கூட ஆகாது. நம் குழாயடியில் ஐந்து லிட்டர் என்று வந்தால், அந்த ஒரு மாடியின் மழை 62,400 ஒளூவுக்குப் போதும். உங்கள் பள்ளிவாசலுக்கு என்ன விடை வருகிறது என்று கணக்கிட்டு, தாளில் எழுதி, முதலில் முத்தவல்லியிடம் கொடுங்கள். ஒரு பிரதியை நமக்கும் அனுப்பிவைத்தால் அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.